மாடல் ஆண்டா, தயாரிப்புத் தேதியா? பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலையைக் கணிக்க ஒரு வழிகாட்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விற்பவர் அதை 1973 மாடல் என்கிறார். பதிவுச் சான்றிதழில் 1974 என்று இருக்கிறது. தொழிற்சாலை ஏட்டைப் பார்த்தால் அந்தக் கார் 1972 அக்டோபரிலேயே கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. இந்த மூன்றில் எதுவும் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு அடுத்த ஆண்டின் மாடலாக உருவாகி, கப்பலேறி, விற்பனையாளரின் கூடத்தில் ஓராண்டுக்கும் மேல் வாங்க ஆளின்றி நின்று, பிறகு பதிவான ஒரு காருக்கு மூன்று ஆண்டுகளும் பொருந்தும். இவற்றில் எதற்காக வாங்குபவர்கள் கூடுதல் பணம் தருகிறார்கள் என்பது காருக்குக் கார், நாட்டுக்கு நாடு மாறுகிறது. அதை அறியாமல் பேரத்தில் இறங்குபவர், கிடைக்காத ஒன்றுக்கு விலை கொடுக்க நேரலாம். அல்லது தன் கையில் இருப்பதன் அருமை தெரியாமல் குறைத்து விற்க நேரலாம்.

ஒரே காருக்குப் பல தேதிகள்

தயாரிப்புத் தேதி என்பது கார் உற்பத்தி வரிசையிலிருந்து முழுமையடைந்து வெளிவந்த நாள். மாடல் ஆண்டு என்பது உற்பத்தியாளர் ஒரு குறிப்பிட்ட வடிவமைப்புக்கும் அதில் இடம்பெறும் பாகங்களுக்கும் சேர்த்துச் சூட்டுகிற ஆண்டுப் பெயர். இவற்றோடு, தொழிற்சாலையிலிருந்து கார் அனுப்பப்பட்ட தேதியும், அது முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்ட தேதியும் உண்டு.

ஐரோப்பியத் தொழிற்சாலைகள் பல, கோடையில் சில வாரங்கள் மூடப்படுவது வழக்கம். கருவிகளை மாற்றுவதற்கும் புதிய பாகங்களை வரிசைக்குக் கொண்டுவருவதற்கும் அந்த இடைவெளியையே பயன்படுத்தினார்கள் என்பதால், திரும்பத் திறந்ததும் வெளிவந்த கார்கள் அடுத்த ஆண்டின் மாடலாயின. போர்ஷே 911-இன் மாடல் ஆண்டுகள் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் ஆகஸ்ட் வாக்கில் தொடங்குவது இதனால்தான். அமெரிக்க நிறுவனங்களும் இலையுதிர் காலத்தில் புதிய மாடல்களை அறிமுகப்படுத்தி வந்தன. அமெரிக்காவின் புகை வெளியேற்ற விதிமுறை இதற்கு ஒரு வரம்பு வகுத்திருக்கிறது: ஒரு மாடல் ஆண்டின் உற்பத்திக் காலத்துக்குள் அந்த ஆண்டின் ஜனவரி 1 அடங்கியிருக்க வேண்டும், வேறோர் ஆண்டின் ஜனவரி 1 அதில் வரக்கூடாது. ஆகவே, ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே கட்டப்பட்ட கார்கூட அடுத்த ஆண்டின் மாடலாகச் சட்டப்படி விற்பனைக்கு வரலாம். 1983 மார்ச்சில் அறிமுகமான ஷெவர்லே கார்வெட், 1984 மாடலாகவே விற்கப்பட்டது.

பதிவு ஆண்டைப் பொறுத்தவரை எச்சரிக்கை கூடுதலாகவே தேவை. 1950-களிலும் 1960-களிலும் அமெரிக்காவில் இறக்குமதியான ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பல, விற்பனையான ஆண்டின் பெயரிலேயே பதிவாயின. போன ஆண்டுச் சரக்கைப் புதியதாகக் காட்டுவது விற்பனையாளருக்கும் வசதியாக இருந்தது. அந்தப் பழைய வசதி, இன்று ஆவணம் பார்த்து விலை பேசுபவருக்குச் சிக்கலாக வந்து நிற்கிறது.

முதலில் தயாரிப்புத் தேதியை உறுதிசெய்யுங்கள்

விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன், கார் எப்போது கட்டப்பட்டது என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரங்களால் நிறுவிக்கொள்ள வேண்டும். இவற்றுள் உயர்ந்தது தொழிற்சாலை ஆவணமே. ஜாகுவார் கார்களுக்கு ஜாகுவார் டெய்ம்லர் பாரம்பரிய அறக்கட்டளை வழங்கும் சான்றிதழில் தயாரிப்புத் தேதி, அனுப்பப்பட்ட தேதி, என்ஜின் எண், முதல் நிறம் ஆகியவை இருக்கும். வேறு சில பழைய நிறுவனங்களும், அவற்றின் ஏடுகளைப் பாதுகாக்கும் அருங்காட்சியகங்களும் கார் ஆர்வலர் மன்றங்களும் இதுபோன்ற கடிதங்களைத் தருகின்றன. கட்டணம் செலுத்திச் சில வாரங்கள் காத்திருக்க நேரலாம் என்பதால், இந்த விண்ணப்பத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக அனுப்பிவிடுவது நல்லது. உரிமையாளருக்கு மட்டுமே தருவோம் என்று சொல்லும் நிறுவனங்களும் உள்ளன; அங்கே விற்பவரையே விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டும். நேர்மையாக விற்பவர் அதற்குத் தயங்கமாட்டார்.

அடுத்தது, காரிலேயே உள்ள எண்கள். அமெரிக்கச் சந்தைக்காக 1981 மாடல் ஆண்டிலிருந்து செய்யப்பட்ட கார்களில் 17 இடங்கள் கொண்ட அடையாள எண் இருக்கும். அதன் 10-ஆம் இடம் மாடல் ஆண்டைக் குறிக்கும். பி என்றால் 1981, சி என்றால் 1982 என்று அது வளர்கிறது. எண்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சில எழுத்துகள் தவிர்க்கப்பட்டிருப்பதால், எச் 1987 என்றால் ஜே 1988 ஆகும். இடையில் ஐ வராது. இந்த இடம் சொல்வது மாடல் ஆண்டை மட்டுமே, கட்டப்பட்ட மாதத்தை அன்று. ஐரோப்பியச் சந்தைக்குப் போன கார்களில் இந்த 10-ஆம் இடத்தில் ஆண்டைப் பொறிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், அங்கே வெறும் நிரப்பு எழுத்து இருக்கக்கூடும். அதை ஆண்டாகப் படிப்பது பிழையில் முடியும். அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களின் ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டப்பட்ட சான்று வில்லையிலோ தகட்டிலோ மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருந்தால் அதுவே நேரான சாட்சி. டாட்சன் 240இசட் போன்ற கார்களில் சேசிஸ் எண்ணுக்குள் (காரின் அடிச்சட்டத்தில் பொறிக்கப்படும் எண்) மாடல் ஆண்டே இல்லை என்பதால், இந்தத் தகட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வகை, பாகங்களின் தேதிகள். ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் பிளாக்குகளில் வார்ப்புத் தேதி ஓர் எழுத்தும் எண்களுமாகப் பதிந்திருக்கும். ஏ ஜனவரி, எல் டிசம்பர். ஆகவே சி 15 7 என்றிருந்தால் மார்ச் 15, ஏழில் முடியும் ஓர் ஆண்டு என்று பொருள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறியீடு, இருக்கைப் பட்டையின் துணிச்சீட்டு, போர்ஷே கார்களில் வந்த ஃபுக்ஸ் சக்கரங்களின் பின்புறப் பொறிப்பு ஆகியவற்றிலும் காலம் தெரியும். இவற்றின் பயன், காரின் தேதியைக் கண்டுபிடிப்பதைவிட அதைச் சோதிப்பதிலேயே அதிகம். பாகங்கள் யாவும் கார் முடிவதற்குச் சில வாரங்களோ சில மாதங்களோ முன்பாக உருவானவையாக இருக்க வேண்டும். கார் முடிந்த நாளுக்குப் பிறகு வார்க்கப்பட்ட என்ஜின் பிளாக் அந்தக் காரோடு பிறந்ததாக இருக்க முடியாது. முன் கண்ணாடி ஒன்று மட்டும் புதியதாக இருப்பதில் வியப்பில்லை, கல் பட்டு உடைவது இயல்பு. எல்லாக் கண்ணாடிகளும் ஓராண்டு பிந்தியவை என்றால், காரின் அடையாளத்தையே மறுபடி விசாரிக்க வேண்டும்.

மாற்றம் எந்த மாதத்தில் வந்தது?

தயாரிப்புத் தேதி விலையைத் தொடுவதற்கு முதற் காரணம், வடிவமைப்பில் வந்த மாற்றங்களே. உற்பத்தியாளர்கள் மாற்றங்களை எப்போதும் மாடல் ஆண்டின் தொடக்கத்தில் வைத்துக்கொள்வதில்லை; பாகம் தயாரானதும் ஒரு குறிப்பிட்ட சேசிஸ் எண்ணிலிருந்து சேர்த்துவிடுவார்கள். ஆகவே, நீங்கள் பார்க்கும் மாடலுக்கு, எந்த மாதத்தில், எந்தச் சேசிஸ் எண்ணில், எது மாறியது என்ற அட்டவணையை முதலில் தேடிக்கொள்ளுங்கள். மன்றங்களின் ஏடுகளிலும் தொழிற்சாலை உதிரிபாகப் பட்டியல்களிலும் இது கிடைக்கும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் செய்யப்படும் விலைக் கணிப்பு எதுவும் உறுதியானதன்று என்பது என் கருத்து.

மாடல் ஆண்டும் தொழில்நுட்பமும் ஒன்றாக நகரும் கார்களுக்கு போர்ஷே 911 நல்ல எடுத்துக்காட்டு. 1969 மாடலிலிருந்து சக்கர இடைவெளி, அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 2,211 மில்லிமீட்டரிலிருந்து 2,268 மில்லிமீட்டராக நீண்டது; 1970-க்கு 2.2 லிட்டர், 1972-க்கு 2.4 லிட்டர் என்ஜின் வந்தது. 1974 மாடலிலிருந்து மோதல் தாங்கும் பெரிய பம்பர்கள் வந்தன. இவை அனைத்தும் முந்தைய ஆண்டின் கோடைக்குப் பிறகே உற்பத்தி வரிசையில் தொடங்கியவை. அதனால் 1973 அக்டோபரில் கட்டப்பட்டு அந்த ஆண்டே பதிவான ஒரு காரை ‘1973’ என்று விளம்பரம் செய்தால், மெலிந்த பம்பர் கொண்ட பழைய உடலை எதிர்பார்த்து வருபவர் பெரிய பம்பரைக் காண்பார். 1972 மாடலில் மட்டும் எண்ணெய் ஊற்றும் மூடி காரின் வெளியே, வலது பின்புறத்தில் இருந்தது. பெட்ரோல் நிலையங்களில் அதைத் தவறாகத் திறந்து பெட்ரோலை ஊற்றிவிடும் அபாயம் இருந்ததால் அடுத்த ஆண்டே அது உள்ளே போய்விட்டது. அன்று அபாயம் என்று கைவிடப்பட்ட அந்தச் சிறு மூடி, இன்று அந்த ஓராண்டுக் கார்களைத் தேடுபவர்களுக்குக் கவர்ச்சியாகிவிட்டது; பழைய கார்களின் சந்தையில் இத்தகைய தலைகீழ் மாற்றங்கள் புதிதல்ல.

இதே வரிசையில், வாங்குபவருக்கு நேரடிப் பயன் தரும் இன்னொன்று 911 கரேரா 3.2. 1986 வரையிலான மாடல்களில் 915 என்ற கியர்பாக்ஸும், 1987 மாடலிலிருந்து ஜி50 என்ற கியர்பாக்ஸும் இருந்தன. பின்னதை ஓட்டுவது எளிது என்று பலர் கருதுவதால் அதற்குத் தனித் தேவை உண்டு. 1986 இலையுதிர் காலத்தில் கட்டப்பட்டு, ஐரோப்பாவில் அந்த ஆண்டே பதிவான ஒரு கார், விற்பவரின் விளம்பரத்தில் 1986 என்றுதான் இருக்கும். ஆனால் அது 1987 மாடல், ஜி50 கொண்டது. நேரில் சரிபார்க்க அதிக நேரம் ஆகாது: 915-இல் ரிவர்ஸ் வலது பக்கம் பின்னோக்கி விழும், ஜி50-இல் இடது பக்கம் முன்னோக்கிச் செல்லும். கிளட்சும் முன்னதில் கேபிளால், பின்னதில் ஹைட்ராலிக் அழுத்தத்தால் இயங்கும். விற்பவர் அறியாமல் விட்டுவிட்ட தகவலை நீங்கள் அறிந்திருப்பது பேரத்தில் நியாயமான அனுகூலமே. எனினும் கியர்பாக்ஸ் பின்னாளில் மாற்றப்பட்டதா, பிறப்பிலேயே வந்ததா என்பதை அடையாள எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

மாடல் ஆண்டின் நடுவிலேயே உருமாறிய கார்களில் ஆண்டைச் சொல்வதால் ஒன்றும் விளங்காது. எம்ஜி-பி காருக்கு 1974 செப்டம்பரில் குரோம் பம்பருக்குப் பதில் கருப்பு ரப்பர் பம்பர் வந்தது. அதோடு காரின் உயரமும் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் கூடியது. பொதுவாகக் குரோம் பம்பர் கார்களுக்கே மதிப்பு அதிகம் என்னும்போது, ‘1974 எம்ஜி-பி’ என்ற சொற்றொடர் இரண்டு வெவ்வேறு விலைகளைக் குறிக்கக்கூடும். டாட்சன் 240இசட் காரில் 1971-இன் தொடக்கம் வரை பின்கதவில் காற்றுத் துவாரங்கள் இருந்தன. அந்த முதல் வரிசைக் கார்களைச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுகிறார்கள். 1970 இறுதியில் கட்டப்பட்ட பல கார்கள் 1971 என்றே பதிவாகியிருப்பதால், ஆவணத்தை மட்டும் பார்ப்பவர் முதல் வரிசைக் காரையே இரண்டாம் வரிசை என்று எண்ணிக் கடந்துவிடுவார்.

ஜாகுவார் இ-டைப்பில் இது இன்னும் நுட்பமாகிறது. 1967-இன் போக்கில் முகவிளக்குகளின் மேலிருந்த கண்ணாடி உறை எடுக்கப்பட்டது. 1968 ஜனவரி 1-இல் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, அந்நாட்டுக்குச் சென்ற கார்களில் மூன்று எஸ்யூ கார்பரேட்டர்களுக்கு (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கருவி) பதிலாக இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்பரேட்டர்கள் வந்தன. சேகரிப்பாளர்கள் ‘ஒன்றரை வரிசை’ என்று அழைக்கும் இந்த இடைக்காலக் கார்கள், தொழிற்சாலையின் அதிகாரபூர்வமான பெயர் எதையும் பெறவில்லை. மூடிய விளக்குகள் கொண்ட முந்தைய 4.2 லிட்டர் கார்களை விடப் பொதுவாகக் குறைந்த விலைக்கே போகின்றன. எனவே 1967 என்று மட்டும் சொல்லப்படும் இ-டைப்பில், மாதத்தையும் உண்மையான நிலையையும் சேர்த்துக் கேட்பதே முறை. பின்னாளில் கண்ணாடி உறை பொருத்தப்பட்டு முன்மாடலைப் போல ஆக்கப்பட்ட கார்களும் உண்டு. தோற்றம் நன்றாகத்தான் இருக்கும், விலை மட்டும் முன்மாடலின் விலையாக இருக்கக்கூடாது.

மாடல் ஆண்டு என்ற எண்ணமே பெரிதாக இல்லாத கார்களில் தேதியும் சேசிஸ் எண்ணும் மட்டுமே பேசும். மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல் ரோட்ஸ்டரில் 1961 மார்ச்சில் டிஸ்க் பிரேக்கும், 1962-இல் அலுமினிய என்ஜின் பிளாக்கும் வந்தன. மொத்தம் 1,858 கார்களில் இவ்விரண்டும் ஒருங்கே உள்ளவை சிறிய பங்குதான். சந்தையில் அவற்றுக்குத் தனிப் படி உண்டு. ஃபெராரி டெஸ்டரோசாவின் தொடக்கக் கார்களில் முன்கண்ணாடியைத் தாங்கும் தூணின் நடு உயரத்தில், பின்னால் பார்ப்பதற்கான பக்கக் கண்ணாடி ஒன்று மட்டும் இருந்தது. சக்கரங்கள் ஒவ்வொன்றும் ஒற்றை மறையாணியால் பிணைக்கப்பட்டிருந்தன. சில ஆண்டுகளில் இரண்டும் மாறிவிட்டன. எது மேல் என்ற விவாதம் வேறு. முதலில் வந்த வடிவம் என்பதாலேயே அது தேடப்படுகிறது.

சட்டம் எந்தத் தேதியைப் பார்க்கிறது?

வடிவமைப்பில் ஒரு மாற்றமும் இல்லாத இரண்டு கார்களுக்கிடையே கூடச் சட்டம் விலை வேறுபாட்டை உண்டாக்கும். அமெரிக்காவுக்குள் அந்நாட்டுப் பாதுகாப்புத் தரங்களுக்கு உட்படாத காரைக் கொண்டுவர, அது 25 ஆண்டுகள் நிறைந்ததாக இருக்க வேண்டும். இது மாடல் ஆண்டைக் கொண்டோ பதிவைக் கொண்டோ கணக்கிடப்படுவதில்லை, தயாரிப்புத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. கனடாவில் இதே கணக்கு 15 ஆண்டுகள். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வரிசையின் ஆர்34, 1999 ஜனவரியிலிருந்து 2002 ஆகஸ்ட் வரை தயாரானது. ஆகவே முதல் கார்கள் 2024 ஜனவரியில் அமெரிக்காவுக்குத் தகுதி பெற்றன. கடைசிக் கார்களுக்கு 2027 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். ஒரே வடிவத்தில், ஒரே நிலையில் உள்ள இரண்டு கார்களில், ஒன்று இந்த மாதமே கப்பலேறலாம், மற்றது பதினெட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றால், ஏற்றுமதியாளர் இரண்டுக்கும் ஒரே தொகை தரமாட்டார். ஜப்பானியச் சந்தைக் கார்களின் சேசிஸ் எண்ணில் ஆண்டு பொறிக்கப்படுவதில்லை. பதிவு ஆவணம் காட்டுவது முதல் பதிவின் மாதத்தை. எனவே தயாரிப்பு மாதத்தைத் தனியாகச் சான்றுடன் பெறாமல் முன்பணம் தரக்கூடாது.

கலிஃபோர்னியா இதற்கு நேர்மாறு. அங்கே பார்க்கப்படுவது மாடல் ஆண்டு. 1975 மாடலும் அதற்கு முந்தையவையும் புகைச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவை. ஆகவே 1975 அக்டோபரில் கட்டப்பட்ட 1976 மாடல் கார் ஒன்று, கட்டிய ஆண்டைக் காட்டி விலக்குக் கோர முடியாது. அதே 1975-இன் மார்ச்சில் கட்டப்பட்ட, 1975 மாடலாகிய அதன் அண்ணன் விலக்கோடு ஓடும். என்ஜினை மாற்றியமைக்க விரும்புபவர்கள் இந்த ஒரே காரணத்துக்காக முந்தைய மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். விலக்கின் எல்லை நகராமல் நிற்பதால் இந்த வேறுபாடும் நீடிக்கிறது.

எல்லை நகரும் இடங்களில் கதை வேறு. பிரிட்டனில் பழைய வாகன வரி விலக்கு, தயாரிப்புத் தேதியைப் பொறுத்தது. 1997-இல் அது 1973 ஜனவரி 1-க்கு முன் கட்டப்பட்டவை என்ற எல்லையில் உறைந்து நின்றது. அப்போது 1972 டிசம்பரில் கட்டி 1973-இல் பதிவான காரின் உரிமையாளர், தொழிற்சாலைச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றாலே ஆண்டுதோறும் வரியைத் தவிர்க்க முடிந்தது. விற்கும்போதும் அது பெருமையாகச் சொல்லப்பட்டது. 2014-இல் விதி 40 ஆண்டுகள் என்ற நகரும் எல்லையாக மாறியதும் அந்த அனுகூலம் படிப்படியாகக் கரைந்துபோனது. ஆர்34-க்கும் இதுவே நேரும்: கடைசி மாதக் காரும் தகுதி பெற்றுவிட்ட பிறகு, முதல் மாதக் காருக்குச் சட்டம் தந்த கூடுதல் மதிப்பு எஞ்சாது. எனவே நகரும் எல்லையால் வரும் கூடுதல் விலையைக் கொடுப்பவர், அதைச் சில மாதக் காத்திருப்பைத் தவிர்ப்பதற்கான கட்டணமாக மட்டுமே கருத வேண்டும். முதலீடாகக் கருதினால் ஏமாற்றமே.

ஜெர்மனியின் பழைய வாகனப் பதிவெண் 30 ஆண்டுக் கணக்கில் முதல் பதிவுத் தேதியைப் பார்க்கிறது. பழைய கார்ப் பந்தயங்களில் காரின் காலப் பிரிவே நுழைவுச்சீட்டு. 1966-க்கு முந்தைய குறுகிய சக்கர இடைவெளி 911-களுக்கென்றே பந்தய வரிசை இருப்பது, அந்தத் தொடக்கக் கார்களின் விலையை உயர்த்திய காரணங்களில் ஒன்று. 1927 முதல் 1957 வரை நடந்த மில்லே மிலியாவின் பெயரால் இன்று நடக்கும் ஓட்டத்தில் கலந்துகொள்ள, கார் அக்காலத்து வகையாக இருப்பது அவசியம். இவற்றில் எந்த விதி எந்தத் தேதியைக் கேட்கிறது என்பதை நடத்துபவரின் விதிநூலில் பார்த்த பிறகே விலையில் சேர்க்க வேண்டும்.

மாடல் ஆண்டே விலையாகும் இடங்கள்

சில கார்களில் தயாரிப்பு மாதத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. 1963 கார்வெட் கூபேயின் பின்கண்ணாடி நடுவே பிளவுபட்டிருந்தது; அது அந்த ஒரு மாடல் ஆண்டுக்கு மட்டுமே உரியது. அது 1962 இலையுதிர் காலத்தில் கட்டப்பட்டதா, 1963 வேனிலில் கட்டப்பட்டதா என்பது விலையைப் பெரிதாக அசைக்காது. ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரல் 17-இல் அறிமுகமானபோது வந்த கார்களைச் சேகரிப்பாளர்கள் ‘1964½’ என்று அழைக்கிறார்கள். ஆனால் அவற்றின் அடையாள எண்கள் எல்லாமே 1965-ஐக் குறிக்கும் 5-இல் தொடங்குகின்றன. இங்கே பதிவில் 1964 என்றிருப்பதைவிட, ஆல்டர்னேட்டருக்கு முன்பிருந்த ஜெனரேட்டரும் அக்கால என்ஜினும் கதவுத் தகட்டின் தேதியும் பொருந்தியிருப்பதே சாட்சி.

கட்டிய ஆண்டைக் கடந்து மாடல் ஆண்டு முன்னே சென்ற கார்களும் உண்டு. விற்காமல் தேங்கிய 1969 ஷெல்பி மஸ்டாங்குகள் சில மாற்றங்களோடு, அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ-யின் மேற்பார்வையில் புதிய அடையாள எண் பெற்று 1970 மாடல்களாயின. அவற்றில் 1969 தேதியிட்ட பாகங்கள் இருப்பது குறையன்று. இல்லாமலிருந்தால்தான் ஐயப்பட வேண்டும். டெலோரியன் டிஎம்சி-12 உற்பத்தி 1982 டிசம்பரில் நின்றுவிட்ட போதிலும் 1983 மாடல்கள் இருக்கின்றன. அதேபோல 1969 கமாரோவின் அடுத்த தலைமுறை தாமதமானதால், அதன் உற்பத்தி 1969 இலையுதிர் காலத்திலும் தொடர்ந்தது. அக்டோபரில் கட்டப்பட்டது என்பதற்காக அதை 1970 என்று கூற முடியாது.

விலையாக மாற்றுவது எப்படி?

ஒப்பிடுவதற்கான விற்பனை முடிவுகளைத் திரட்டும்போது, அதே ஆண்டு என்பதைத் தேர்வு அளவுகோலாக வைக்காதீர்கள். அதே வடிவமைப்பு என்பதை வையுங்கள். கையில் இருப்பது ஜி50 கியர்பாக்ஸ் கொண்ட 911 என்றால், ஒப்பீட்டுக்கு வர வேண்டியவை ஜி50 கார்களே. அவை எந்த ஆண்டில் பதிவானவை என்பது அடுத்த கேள்வி. ஏல விவரணைகளில் தயாரிப்பு மாதம் தரப்பட்டிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தரப்படாமல், ஆண்டு மட்டும் இருந்தால், படங்களிலிருந்து மாற்றத்தின் அடையாளங்களைத் தேடி எந்தப் பக்கம் சேர்கிறது என்று முடிவுசெய்ய முடியும். அப்படியும் விளங்காத விற்பனையை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுவது, தவறான எண்ணைச் சேர்ப்பதை விட மேல்.

பிறகு நிலையைத் தனியே மதிப்பிடுங்கள். துரு, உடலின் பழைய விபத்துத் தடயம், என்ஜின் பிறப்பிலேயே வந்ததா என்ற கேள்வி, பராமரிப்புப் பதிவுகள் ஆகிய இவற்றின் எடை, பெரும்பாலான கார்களில், சில மாதத் தயாரிப்பு வேறுபாட்டின் எடையைவிட அதிகம். முதல் வரிசை 240இசட் என்பதற்காக, தரைத் தகடு அரித்துப்போன ஒரு காருக்கு நல்ல நிலையிலுள்ள இரண்டாம் வரிசைக் காரின் விலையைக் கொடுப்பவர், ஒரு காற்றுத் துவாரத்துக்காகப் பெருஞ்செலவை விலைக்கு வாங்குகிறார். நிலை சமமாக இருக்கும்போதுதான் தேதியின் மதிப்பை நம்பத்தகுந்த அளவில் பிரித்துப் பார்க்க முடியும். தேதிக்கான கூடுதல் தொகையையும், வடிவமைப்பு போன்ற மாறாத காரணத்தால் வருவது, நகரும் சட்ட எல்லையால் வருவது என்று பிரித்து எழுதிக்கொண்டால், எதை நாளை திரும்பப் பெறலாம், எதைப் பெற முடியாது என்பது பேரத்துக்கு முன்பே தெளிவாகும்.

ஆவணங்களில் ஆண்டு பொருந்தாமல் இருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. முந்தைய ஆண்டின் காரைப் பிந்தைய ஆண்டாகப் பதிவுசெய்திருப்பது பெரும்பாலும் அன்றைய விற்பனை வழக்கத்தின் எச்சம். பிந்தைய காரை முந்தைய ஆண்டாகப் பதிவுசெய்திருப்பதுதான் கூர்ந்து பார்க்க வேண்டியது, ஏனெனில் அதில் ஆதாயம் இருக்கிறது. அடையாள எண் வேறொரு காரிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பும் உண்டு. பதிவைத் திருத்தும் பொறுப்பை வாங்கிய பிறகு நீங்களே ஏற்பதாக இருந்தால், தொழிற்சாலைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளூர்ப் பதிவு அலுவலகம் அதை ஏற்குமா என்று விசாரித்த பின்னரே பணம் கொடுங்கள். விற்பவரே திருத்தித் தரச் சம்மதித்தால் அதுவே பாதுகாப்பானது.

விற்பவராக நீங்கள் இருந்தால், விளம்பரத்தின் முதல் வரியிலேயே மூன்று செய்திகளையும் தந்துவிடுங்கள்: எந்த மாடல் ஆண்டு, எந்த மாதத்தில் தயாரானது, எப்போது பதிவானது. ‘1987 மாடல், 1986 அக்டோபரில் தயாரானது, 1986 டிசம்பரில் முதல் பதிவு’ என்று எழுதுவதற்கு ஒரு வரிதான் ஆகும்; ஆனால் விவரம் தெரிந்த வாங்குபவர் அந்த ஒரு வரியில் நீங்கள் காரை அறிந்தவர் என்று தெரிந்துகொள்வார். சான்றிதழ், கதவு வில்லை, அடையாள எண் தகடு, வார்ப்புத் தேதி ஆகியவற்றின் தெளிவான படங்களையும் சேர்த்துவிடுங்கள். ஒப்புக்கொண்ட மதிப்பின் பேரில் காப்பீடு எடுக்கும்போதும் பதிவு ஆண்டைக் கொண்டு நிரப்பாமல் இதே விவரங்களைக் கொடுக்க வேண்டும். இழப்பு நேர்ந்த பிறகு, உங்களிடம் இருந்தது எந்த வடிவம் என்பதைக் காகிதத்தில் உள்ளதை வைத்தே மதிப்பீட்டாளர் முடிவுசெய்வார்.